நெருப்பில் காட்டிய இழை

ஞாயிற்றுச் சந்தையில் சூவா வருகிறாள் என்றால் துணிக்காரர்கள் உஷாராகிவிடுவார்கள். எல்லை தாண்டி வந்த பூப்போட்ட துணியை விரித்து வைத்து, "அசல் நாரு, கையால நெய்தது" என்று கூவிக்கொண்டிருந்தவர்கள் அவள் தலையைக் கண்டதும் குரலை இறக்கிவிடுவார்கள். அவள் புகையிலைக்காரனிடம் லைட்டரை வாங்கிக்கொண்டுதான் துணிக்கடைப் பக்கமே வருவாள். ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி நெருப்பில் காட்டுவாள். நார் என்றால் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாக உதிர்ந்துவிடும். ஆலை நூல் என்றால் சுருண்டு உருகி, மிளகு மாதிரி கறுப்பு மணியாக நிற்கும். அந்த மணியைக் கடைக்காரன் உள்ளங்கையில் வைத்து அழுத்துவாள்.

"இதை உங்கப்பன் சாவுக்கு உடுத்தி அனுப்பு. அங்க உன் பாட்டன் பூட்டன் எல்லாம் 'எவன்டா இவன் பிளாஸ்டிக் பை'ன்னு கேக்கட்டும்."

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். என் பெரியப்பா மகன் டோங்கின் பெண்சாதி அவள், எனக்கு மதினி.

சாவு வீடுகளில் மூங்கில் குழல் ஊதுகிறவன் நான். மலைமேல் வாழும் எங்கள் மோங் சனத்தில் செத்தவருக்கு வழி சொல்லி அனுப்புவது அந்தக் குழல்தான். ஆனால் குழல் மட்டும் போதாது. உடம்பில் நார்த்துணி இருக்க வேண்டும். வேறு எதை உடுத்திப் போனாலும் முன்னோர்களுக்கு ஆள் அடையாளம் தெரியாது, வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். நார் என்று நான் சொல்வது கஞ்சாச் செடியின் தண்டில் உரிக்கிற நார். அந்தப் பெயரைக் கேட்டதும் கீழ்நாட்டுக்காரர்கள் கண்ணைச் சிமிட்டுவார்கள். எங்களுக்கு அது பாவாடை, கயிறு, பிள்ளையை முதுகில் கட்டும் துணி. உரித்த தண்டு அடுப்புக்கு. விதையை வறுத்துத் தின்போம். வடக்கேயிருந்து எங்கள் ஆட்கள் சண்டைக்குப் பயந்து மலை மலையாக இறங்கி வந்தபோது, பெண்கள் பாவாடைக் கரையில் முடிந்து கொண்டுவந்த விதை அது என்று சொல்வார்கள்.

சூவாவுக்குச் சந்தேகம் பிறவியிலேயே வந்ததல்ல. அது அவள் அம்மா செத்த அன்று வந்தது. நிலமெல்லாம் அரசாங்கக் கூட்டுப்பண்ணையில் சேர்ந்திருந்த காலம். பாறைக்கு நடுவே கைப்பிடி மண் இருந்தாலும் மக்காச்சோளம்தான் போடவேண்டும் என்று உத்தரவு. யார் வீட்டிலும் புது நார் இல்லை. ஆனால் சூவாவின் அம்மா அதற்கு முன்பே தன் கடைசிப் பயணத்துக்கென்று ஒரு முழு உடுப்பு நெய்து பெட்டியில் வைத்திருந்தாள். சூவா அப்போது புதுப்பெண். சேதி கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், அம்மா அரசாங்கக் கடையில் வாங்கிய நீலப் பருத்தித் துணியில் யாரோ மாதிரிக் கிடந்தாள். பெட்டியில் இருந்ததை எலி தின்றுவிட்டது என்றாள் அண்ணன் பெண்டாட்டி.

"எலி தின்னா ஒரு துணுக்காவது கிடக்கணும்ல? கரையாவது கிடக்கணும்ல? பெட்டி துடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு, கொழுந்தனாரே" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அந்த உடுப்பு எங்கே போனது என்று கடைசிவரை தெரியவில்லை. அண்ணன் பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளை எந்தத் துணியில் அனுப்பினார்கள் என்று பார்க்க சூவா போனாள். அதுவும் பருத்திதான். அப்படியானால் யார்? அன்றிலிருந்து அவளுக்கு எல்லோர் மேலும் சந்தேகம்.

பண்ணை கலைந்து நிலம் கைக்கு வந்ததும், வீட்டை ஒட்டிய நல்ல மண்ணில் நார்ச்செடிதான் என்று பிடிவாதமாக நின்றாள். டோங்குக்கு அதில் மிளகாய் போட ஆசை. நடக்கவில்லை. விதையைக் கொட்டி விதைப்பாள். செடிக்கும் செடிக்கும் நடுவே விரல் நுழையக்கூடாது. நெருக்கத்தில்தான் அது கிளை விடாமல் குச்சியாக மேலே போகும், நார் நீளமாக வரும். அறுத்துக் காயவைத்து உரித்து, நடக்கும்போதும் பேசும்போதும் இழையோடு இழையை முறுக்கி முடிந்துகொண்டே இருப்பாள். அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

ஒரு வருஷம் ஆலங்கட்டி மழை செடியை எல்லாம் தரையோடு படுக்கவைத்துவிட்டது. அதே சமயம் அவளுக்கு விஷக்காய்ச்சல். சோளப்புட்டை வாயில் வைத்தால் துப்பினாள். "பெட்டி காலி. எங்கம்மா மாதிரியே போகப்போறேன்" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். டோங் குதிரையை ஓட்டிக்கொண்டு போய், கொத்துக் கொத்தாக நூற்ற நூலோடு திரும்பி வந்தான். அவன் தங்கை யெங் தூரத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள். "யெங் கொடுத்தனுப்பினா. அவங்க பக்கம் ஆலங்கட்டி விழலியாம்" என்றான். நூல் கண்ணெதிரே தொங்கியதும் சூவா எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். தெம்பு வந்ததும் அதில் டோங்குக்கு ஒரு கால்சட்டையும் தனக்கு ஒரு பாவாடையும் நெய்து பெட்டியில் வைத்தாள். நெய்யும்போது மட்டும் முணுமுணுத்தாள்:

"உங்க தங்கச்சி நூலு அவ நாக்கு மாதிரியே வழுக்குது."

"கிடைச்சதே பெரிசு. நெய்யி" என்றான் டோங்.

இதற்கெல்லாம் வெகுநாள் கழித்து அவர்கள் மகன் பாவோ, கியாவைக் கட்டிக்கொண்டு வந்தான். தார்ச்சாலை ஊரிலிருக்கிற நெசவுச் சங்கத்தில் வேலை பார்க்கிற பெண். கைபேசியில் பேசிக்கொண்டே தறியில் உட்காருவாள். மாமனாருக்கும் மாமியாருக்கும் மருமகள் கடைசி உடுப்பு நெய்து தரவேண்டும் என்பது எங்கள் வழக்கம். வந்த வருஷமே மாமனாருக்கு மேல்சட்டை நெய்து முடித்துவிட்டாள். நூல் மெல்லிசு, நெசவு நெருக்கம். ஊரே மெச்சியது. சூவா மட்டும் என்னைத் தனியே இழுத்தாள்.

"இவ்வளவு சீக்கிரம் எப்படி?"

"வயசுப் புள்ளை மதினி. கை ஓடுது."

"ஓடுறது கை இல்லை, மோட்டார். சங்கத்துல மிஷினு இருக்காம்ல?"

அதற்குப் பிறகு மருமகள் எங்கே திரும்பினாலும் மாமியார் கண் கூடவே திரும்பியது. கியா வாரா வாரம் முதுகுக்கூடையோடு சங்கத்துக்குப் போவாள். போகும்போது கூடை கனமாக இருக்கிறது, வரும்போது லேசாக இருக்கிறது என்றாள் சூவா. பரணில் காயவைத்த நார்க்கட்டுகள் குறைகின்றன என்றாள். ஒவ்வொரு கட்டிலும் ரகசியமாக அவுரிச்சாயம் தொட்டு வைத்தாள். அடுத்த வாரம், "சாயம் வச்ச கட்டு ஒண்ணு காணோம்" என்று எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

அந்தச் சமயம் பார்த்து, வேலைக்குப் புதிதாக வந்திருந்த கீழ்நாட்டு இளம் அதிகாரி ஒருவர் தோட்டத்துக்கு வந்து செடியைப் படமெடுத்தார்.

"இது புகைக்கிற சரக்கா அம்மா?"

"புகைச்சா தலைவலி வரும். வேணும்னா என் பாவாடையைச் சுருட்டித் தர்றேன், பத்த வச்சுப் பாருங்க தம்பி."

அவர் முகம் சிவந்து போய்விட்டார். அதோடு முடிந்தது. ஆனால் சூவாவுக்கு முடியவில்லை. "இத்தனை வருஷம் வராதவன் இப்ப ஏன் வந்தான்? போன்ல பேசிக்கிட்டே இருக்கால்ல, அவதான் சொல்லியிருக்கா. செடியைப் புடுங்க வச்சிட்டா ஆலை நூலு வாங்கலாம்ல?"

"சொந்த வீட்டுச் செடியை எவளாவது புடுங்க வைப்பாளா?"

"எங்கம்மா பெட்டியைத் தொட்டதும் சொந்த வீட்டு ஆளுதான்."

அவளுடைய தொல்லை தாங்காமல் நானே ஒருநாள் சங்கத்துக்குப் போய் எட்டிப்பார்த்தேன். கியா காலால் ராட்டை மிதித்துக்கொண்டிருந்தாள். நான்கு கதிர்களிலும் சுத்தமான நார். எங்கேயும் மோட்டார் இல்லை. திரும்பி வந்து சொன்னேன். சூவா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனக்கு என்ன ஊத்திக்கொடுத்தா? சோளச்சாராயமா?"

அந்த மாரிக்காலத்தில் டோங்குக்கு நெஞ்சில் சளி கட்டியது. மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தோம். பூசாரி வந்து ஆடிப் பார்த்தார். ஒரு காலையில், அடுப்புப் பக்கம் உட்கார்ந்து சூடாக எதையோ குடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். அமைதியான மனுஷன். போனதும் அப்படியே.

துப்பாக்கி வெடித்துச் சேதி சொன்னோம். தங்கை யெங் வந்தாள், பங்காளிகள் வந்தார்கள். உடம்பைக் கழுவிய பிறகு உடுத்துவதற்காக கியா தான் நெய்த மேல்சட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். சூவா பெட்டியைத் திறந்து கால்சட்டையை எடுத்து வைத்தாள். நான் குழலை எடுத்து வாயில் வைக்கப் போனேன்.

"நில்லு" என்றாள் சூவா. "யார்கிட்ட லைட்டர் இருக்கு?"

எனக்குப் புரிந்துவிட்டது. "மதினி, வேண்டாம். சாவு வீடு."

"சாவு வீடுங்கறதாலதான். அப்புறம் தோண்டியா பாக்க முடியும்?"

யாரும் லைட்டர் தரவில்லை. அவளே அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்து வந்தாள். மருமகள் நெய்த சட்டையின் ஓரத்தில் ஒரு இழையை உருவினாள். வீடு நிறைய சனம், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கியாவின் முகத்தில் ரத்தமே இல்லை. இழை பற்றியது, சிவந்தது, சாம்பலாக உதிர்ந்தது.

"நாருதான்" என்றாள் சூவா. மன்னிப்புக் கேட்கிற குரலே இல்லை. சந்தையில் சொல்வது போலச் சொன்னாள்.

கியா எழுந்தாள். "அத்தை, அந்தக் கொள்ளியை இங்க குடுங்க."

"எதுக்கு?"

"என்னுதைப் பாத்தீங்கல்ல. இப்ப உங்களுது."

பெண்கள் கூட்டத்தில் யாரோ 'அடியே' என்றார்கள். சூவா சிரித்தேவிட்டாள். "தாராளமாப் பாரு" என்று கொள்ளியை நீட்டினாள்.

கியா கால்சட்டையிலிருந்து இழையை உருவி நெருப்பில் காட்டினாள். அது சுருண்டது. பாதி எரிந்தது, பாதி உருகி நுனியில் கறுப்பாகத் திரண்டு நின்றது. சூவா அதைப் பிடுங்கி விரலால் நசுக்கிப் பார்த்தாள். கல்லாக இருந்தது. இன்னொரு இழை உருவினாள், இன்னொன்று. எல்லாம் அதே கதிதான்.

"மாத்திட்டா!" என்று கத்தினாள். "பெட்டியை யாரோ தொறந்து மாத்திட்டாங்க!"

"சாவி உங்க கழுத்துலதானே கிடக்கு அத்தை?"

சூவா கால்சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையல் அவளுடையதுதான். கரையும் அவளுடையதுதான். பிறகு மெல்லத் தலையைத் தூக்கி யெங்கைப் பார்த்தாள்.

"உன் நூலுடி. ஆலங்கட்டி வருஷம் நீ குடுத்தனுப்பின நூலு. அப்பவே சொன்னேன், உன் நாக்கு மாதிரி வழுக்குதுன்னு."

அழுதுகொண்டிருந்த யெங்குக்கு அழுகை நின்றுவிட்டது. "என் நாக்கா? நான் எந்த நூலைக் குடுத்தேன்? அந்த வருஷம் எங்க செடியும்தான் மண்ணோட மண்ணாப் போச்சு. எங்க மாமியாருக்கே நூலில்லாம நாங்க அலைஞ்சோம்!"

"அண்ணன் உன் வீட்டுக்கு வரலை?"

"வரவே இல்லையே."

எல்லோரும் டோங்கைப் பார்த்தோம். கழுவித் துடைத்த முகத்தோடு அவன் படுத்திருந்தான். அன்றைக்கு அவன் குதிரையை ஓட்டிக்கொண்டு போனது தங்கை வீட்டுக்கு இல்லை, எல்லைச் சந்தைக்கு என்று இப்போதுதான் தெரிந்தது. நாரும் ஆலை நூலும் கலந்து முறுக்கி, சாம்பலில் வேகவைத்து, பார்வைக்கு அசலாகவே விற்பார்கள் அங்கே. அவனும் ஏமாந்துதான் வாங்கினானா, தெரிந்தே வாங்கினானா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தங்கை பெயரைச் சொன்னது தெரிந்து சொன்ன பொய்.

சூவா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பொய்க்காரா" என்றாள். "ஊர் பூரா கொளுத்திப் பாத்தேனே. பக்கத்துலயே படுத்திருந்தியே, உன்னைப் பாக்கலியே. அத்தனை வருஷம் நான் சந்தையில கத்துறதைக் கேட்டுக்கிட்டு, குதிரையைப் புடிச்சிக்கிட்டு நின்னியேடா, வாயைத் திறந்தியா?" அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "செத்துப்போவேன்னு பயந்தியா? அதுக்கு இப்படியா? இப்ப நீ எதை உடுத்திப் போவே?"

அப்போதுதான் அவள் அழுதாள். அதுவரை அழவில்லை.

கால்சட்டை இல்லாமல் அனுப்ப முடியாது. பங்காளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எல்லோர் வீட்டுப் பெட்டியிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் தன் சாவுக்கென்று வைத்ததை இன்னொருவருக்கு எடுத்துக் கொடுத்தால் அடுத்த சாவு தன்னுடையது என்று பயம். யாரையும் கேட்கவும் முடியாது. நான் குழலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எங்கம்மா வீட்ல ஒண்ணு இருக்கு" என்றாள் கியா மெதுவாக. "அப்பாவுக்குன்னு நெய்தது. ஆனா அப்பா நல்லாத்தான் இருக்காரு, இதுக்கெல்லாம் பயப்படமாட்டாரு. வேற நெய்துக்கலாம்னு சொன்னாத் தருவாரு."

சூவா கண்ணைத் துடைத்தாள். அந்த நிலையிலும் அவள் மூக்குக்கு ஏதோ வாடை அடித்துவிட்டது. "உங்கம்மாவுக்கு ஏது நாரு? உங்க நிலத்தைத்தான் சாலை போட எடுத்துக்கிட்டாங்களே."

பாவோ பெண்டாட்டியைப் பார்த்தான். அவனுக்கும் தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது.

"ஏது நாரு?" என்றாள் சூவா மறுபடியும்.

"உங்க நாருதான் அத்தை. பரண்ல இருந்து எடுத்தேன். கூடைக்கு அடியில வச்சுக் கொண்டுபோனேன். அவங்க பெட்டியும் காலி. கேட்டா நீங்க தரமாட்டீங்க."

பிணத்தின் தலைமாட்டில் மாமியாரும் மருமகளும் முடியைப் பிடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று எழுந்தேவிட்டேன். ஆனால் சூவா என் பக்கம் திரும்பிய முகத்தில் கோபம் இல்லை. வெற்றி இருந்தது.

"சொன்னேனா இல்லையா! கட்டு குறையுதுன்னு சொன்னேனா! கூடை கனக்குதுன்னு சொன்னேனா! நீ என்ன சொன்னே? வயசுப் புள்ளை, கை ஓடுதுன்னே!" சனம் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "எனக்குப் பைத்தியம்னீங்களே எல்லாரும்!"

அவள் மூச்சு வாங்கினாள். பிறகு கியாவைப் பார்த்து, "நிக்கறியே. போ. போய் எடுத்துட்டு வா. அது என் நாரு, என் மண்ணுல வெளைஞ்சது. அவரு மண்ணும்தான்" என்றாள்.

பாவோ மோட்டார் சைக்கிளை எடுத்தான். வெயில் சாய்வதற்குள் திரும்பிவிட்டார்கள். கியாவின் அம்மாவும் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தாள். சின்ன உருவம். மடித்த கால்சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்; உள்ளே வர அவளுக்குத் துணிவில்லை. சூவா போய் அதை வாங்கினாள். விரித்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எல்லோருக்கும் தெரியும் அடுத்து என்ன என்று. ஆமாம், இழையை உருவி நெருப்பில் காட்டினாள். சாம்பலாக உதிர்ந்தது.

"தையல் கோணல்" என்றாள் சம்பந்தியிடம்.

"கண்ணு சரியாத் தெரியலை" என்றாள் அந்த அம்மா.

"வாங்க உள்ள. புட்டு ஆறுது."

உடுத்தி முடித்த பிறகு நான் குழலை எடுத்தேன். செத்தவன் வாழ்ந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, அங்கங்கே தண்ணீருக்கும் விறகுக்கும் நன்றி சொல்லி, அவன் நஞ்சுக்கொடி புதைத்த வீட்டுத் தூண் வரைக்கும் கூட்டிப்போகவேண்டும். மலை, ஊற்று, மாட்டுக்கொட்டில் என்று போய்க்கொண்டிருந்தேன். சூவா குனிந்து என் காதில் சொன்னாள்:

"எல்லைச் சந்தையையும் சேர்த்துக்கோ. அங்கயும் போயிருக்காருல்ல."

இப்படி யாரும் கேட்டதில்லை. சேர்த்துக்கொண்டேன்.

அந்த வருஷம் முழுக்க மாமியாரும் மருமகளும் பேசியது குறைவு. பெட்டியிலிருந்த தன் பாவாடையையும் சூவா எடுத்துக் கொளுத்திப் பார்த்தாள், அதுவும் உருகியது. அதைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். எறியவில்லை. தோட்ட வேலைக்கு உடுத்த ஆரம்பித்தாள். கல்லும் முள்ளும் அதை ஒன்றும் செய்யவில்லை. "பொய் நூலு, சீக்கிரம் கிழியாது" என்பாள்.

கடைசிப் பயணத்துக்கான புதுப் பாவாடைக்குப் பாவு கட்டியபோது கியாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். நம்பிக்கையால் இல்லை. கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும் என்றுதான். இழை அறுந்தால், "யார் அறுத்தது?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்பதை நானே கேட்டிருக்கிறேன்.

விதைப்புக் காலம் வந்தபோது, கியாவின் அம்மா வெறும் கூடையோடு பகலிலேயே ஊருக்குள் நடந்து வந்தாள். தோட்டத்தின் கீழ்க்கோடியில், பாறைகளுக்கு நடுவே ஒரு துண்டு மண்ணை சூவா அவளுக்கு என்று விட்டிருந்தாள். விதையும் கொடுத்தாள், படியை விரலால் வழித்துத்தான் கொடுத்தாள் என்றாலும். அந்த அம்மா விதையைச் சிக்கனமாக, இடம் விட்டு இடம் விட்டுத் தூவினாள்.

"என்ன இது, முட்டைக்கோஸா நடறீங்க? கிட்டக் கிட்டப் போடுங்க!" என்று மேலேயிருந்து கத்தினாள் சூவா.

"எங்க பக்கம் இப்படித்தான்."

"உங்க பக்கத்துலதான் நாரே இல்லையே!"

அந்த அம்மா நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தாள். அன்றைக்கு வாசலில் துணிவில்லாமல் நின்ற அதே பெண்தான். "நீங்க மீதி விதையை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க, நான் கிட்டப் போடுறேன்" என்றாள்.

சூவா கொஞ்ச நேரம் அவளை முறைத்துப் பார்த்தாள். பிறகு விதைப்பையைத் தூக்கிக்கொண்டு, வாய்க்குள் ஏதோ திட்டியபடி, பாறையைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கினாள்.